ஹாஃப் ஆஸ் மச் அகெய்ன்: பாதியா, ஒன்றரையா?

#1 வெண்தாள்

வணக்கம். யாரும் சிரிக்கக் கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அலுவலகத்தில் புது ஸ்கேனர் வாங்கப் பரிந்துரைக் குறிப்பு ஒன்றை ஆங்கிலத்தில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய இயந்திரம் நிமிடத்துக்கு 40 பக்கம் எடுக்கும். புதியது 60. எண்கள் பின்னிணைப்பில் இருக்கின்றன, வாசகத்திலாவது கொஞ்சம் நல்ல ஆங்கிலம் இருக்கட்டுமே என்று, புதியது பழையதைப் போல "ஹாஃப் ஆஸ் மச் அகெய்ன்" எடுக்கும் என்று எழுதிவிட்டேன். எங்கோ படித்து மனதில் தங்கிய தொடர்.

மேலாளர் பின்னிணைப்புப் பக்கமே போகவில்லை. ஓரத்தில் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்: "பாதி வேலை செய்கிற இயந்திரம் நமக்கு எதற்கு?"

நான் எழுதியது தப்பா, அவர் படித்தது தப்பா? பங்கு, மடங்கு, விகிதம் சொல்லும் ஆங்கிலத் தொடர்களில் இப்படிக் காலை வாரிவிடுபவை இன்னும் எத்தனை இருக்கின்றன?

#2 பிழைதிருத்தி

எழுதியது சரி, படித்ததுதான் தப்பு. ஆனால் குறிப்பு அவருக்காக எழுதியது. ஆகவே தோற்றது நீங்கள்தான்.

தொடரைப் பிரித்துப் பாருங்கள். "ஆஸ் மச் அகெய்ன்" என்றால், இருப்பதோடு இன்னொரு முறை அதே அளவு. முன்னால் "ஹாஃப்" சேர்ந்தால், இருப்பதோடு அதில் பாதி. 40-உம் 20-உம் 60. நமக்கு இதற்கு அழகான சொல் கையிலேயே இருக்கிறது, ஒன்றரை மடங்கு. அமெரிக்காவில் வரிசையை மாற்றி "ஹாஃப் அகெய்ன் ஆஸ் மச்" என்பார்கள். பொருள் அதேதான். (பக்கங்கள் எண்ணக்கூடியவை. ஆகவே "மச்" போய் "மெனி" வந்திருக்க வேண்டும். அது வேறு கதை.)

வம்பு எங்கே என்றால், முதல் மூன்று சொற்கள் தனியாகவே ஒரு முழுத் தொடர். "ஹாஃப் ஆஸ் மச்" என்றால் பாதி. வாசகரின் கண் அங்கேயே திருப்தி அடைந்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. "அகெய்ன்" கடைசியில் வந்து பாதியை ஒன்றரையாக்குவதை அவர் கவனிப்பதில்லை. ஒரே ஒரு சொல் விடுபட்டால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிற தொடரை, அவசரமாகப் படிப்பவருக்கு அனுப்பக் கூடாது. "ஒன் அண்ட் எ ஹாஃப் டைம்ஸ் ஆஸ் மெனி" என்று எழுதியிருந்தால் யாரும் தடுமாறியிருக்க மாட்டார்கள். கொஞ்சம் கட்டையான ஆங்கிலம்தான், இருக்கட்டும்.

#3 இரவுப்பறவை

அப்போ வெறும் "ஆஸ் மச் அகெய்ன்" என்றால் டபுளா?! நான் இத்தனை நாள் "மறுபடியும் அவ்வளவா" என்று அலுத்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

#4 பிழைதிருத்தி

டபுள்தான். "ட்வைஸ் ஆஸ் மச் அகெய்ன்" என்று எழுதிவிட்டு, அது இரண்டா மூன்றா என்று எழுதியவரே குழம்பியதையும் பார்த்திருக்கிறேன். கணக்குப்படி மூன்று. அதை யாரும் எழுத வேண்டாம்.

#5 கணக்குப்பிள்ளை

இதைவிடப் பெரிய தலைவலியை யாரும் இன்னும் தொடவில்லையே. "த்ரீ டைம்ஸ் மோர் தேன்." ஒன்றைவிட மூன்று மடங்கு அதிகம் என்றால் என்ன? 10 இருக்கிறது என்று வையுங்கள். மூன்று மடங்கு என்பது 30. 10-ஐவிட 30 அதிகம் என்றால் 40. கண்டிப்பான பொருள் 40-தான். ஆனால் எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் மனதில் இருப்பது 30. "ஆஸ் மச் ஆஸ்" என்று எழுதினால் 30 என்பதில் சந்தேகமே வராது. "மோர்" போட்டவுடன் கூட்டல் நுழைந்துவிடுகிறது.

தமிழிலும் இதே கதைதான். "மூன்று மடங்கு அதிகம்" என்று தினமும் செய்தியில் படிக்கிறோம். எத்தனை என்று யாராவது கேட்டோமா?

#6 பிழைதிருத்தி

கணக்குப்பிள்ளை சார், இங்கே உங்களோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. மெரியம்-வெப்ஸ்டரின் ஆங்கில வழக்கு அகராதி இதை எடுத்துப் பேசுகிறது. இரண்டு தொடரும் ஒரே பொருளில்தான் வழங்குகின்றன, அப்படித்தான் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள் என்பது அதன் நிலை. மொழி எப்போதும் கூட்டல் கணக்குப்படி நடப்பதில்லை. "மூன்று மடங்கு அதிகம்" என்று கேட்டு 40 என்று எண்ணுகிற ஒரு தமிழரைக் காட்டுங்கள், பார்ப்போம்.

#7 கணக்குப்பிள்ளை

இதோ, நானே இருக்கிறேனே!

சரி, மூன்று மடங்கை விட்டுவிடுகிறேன். "1.5 டைம்ஸ் மோர்" என்று வந்தால்? 10 என்பது 15 ஆனதா, 25 ஆனதா? இதில் உங்கள் அகராதியால் என்னைக் காப்பாற்ற முடியாது. எண் பெரிதாக இருக்கும்போது 30 மடங்கா 31 மடங்கா என்பது காற்றில் போய்விடும். சின்ன எண்ணில்தான் கழுத்தறுப்பு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் உள்ள மடங்குக்கு "மோர்" வேண்டவே வேண்டாம்.

சதவீதத்துக்கு வந்தால் இந்த வழக்குச் சலுகையும் கிடையாது. "இன்கிரீஸ்ட் பை 200 பர்சென்ட்" என்றால் கண்டிப்பாக மூன்று மடங்கு, இரண்டு மடங்கு அல்ல. 100 சதவீதம் கூடினால்தான் இரண்டு மடங்கு. இதில் தவறுகிறவர்கள் ஏராளம்.

#8 பிழைதிருத்தி

1.5 விஷயத்தில் சரணடைகிறேன். சதவீதத்திலும்.

ஆனால் "த்ரீ டைம்ஸ் லெஸ்" பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். மூன்றில் ஒரு பங்கு என்ற பொருளில் எழுதுகிறார்கள். அதுவும் நெடுநாள் வழக்குதான். இருந்தாலும் நான் திருத்தும் பிரதியில் விடமாட்டேன். "ஒன்-தர்ட் ஆஸ் மச்" என்று மாற்றுவேன். "200 பர்சென்ட் லெஸ்" என்று வந்தால் எழுதியவரை அழைத்துப் பேசுவேன். 100 சதவீதம் குறைந்தாலே ஒன்றும் மிஞ்சாது, அதற்கு மேல் எதிலிருந்து குறைப்பது?

#9 ஆகக்கடைசி

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. எனக்கு அதிக அடி கிடைத்தது மடங்கில் இல்லை, இரண்டெழுத்து முன்னிடைச் சொற்களில். "பை", "டு".

"ரெட்யூஸ்ட் பை எ தர்ட்" என்றால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று, இரண்டு பங்கு மிச்சம். "ரெட்யூஸ்ட் டு எ தர்ட்" என்றால் ஒரு பங்குதான் மிச்சம். 90 பேர் இருந்த இடத்தில் முதலாவது 60 பேரை விட்டுவைக்கும், இரண்டாவது 30 பேரை. தமிழில் இந்த வேலையை "ஆக" செய்கிறது. மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த "ஆக" அச்சில் விழுந்துவிட்டால் 30 பேரைக் காணவில்லை.

நமக்கு இது ஏன் பழக்கத்தில் உறைப்பதில்லை என்று யோசித்திருக்கிறேன். நாம் அன்றாடம் சொல்வது பாதியைத்தான். பாதி குறைந்தாலும் பாதியாகக் குறைந்தாலும் கையில் மிஞ்சுவது ஒன்றே. எல்லாப் பின்னங்களிலும் பாதிக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. பாதியில் பழகிய கை, கால் வந்தாலும் முக்கால் வந்தாலும் அதே அசட்டையோடு எழுதுகிறது.

இன்னொன்று. ஆங்கிலத்தில் மேலெண் முதலில், "த்ரீ-ஃபிஃப்த்ஸ்". நமக்குக் கீழெண் முதலில், ஐந்தில் மூன்று. இரவு ஒரு மணிக்கு மொழிபெயர்க்கும்போது இது "ஃபைவ்-தர்ட்ஸ்" ஆகிவிடும். ஒரு முறை அப்படியே போய்விட்டது. முழுமையைவிடப் பெரிய பங்கு. வாடிக்கையாளர் பண்பானவர், "இது சாத்தியமா?" என்று மட்டும் கேட்டார்.

#10 ஆய்வகவாசி

"பை எ ஃபாக்டர் ஆஃப்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த "பை" உங்கள் "பை" அல்ல. "ரெட்யூஸ்ட் பை எ ஃபாக்டர் ஆஃப் 4" என்றால் நான்கால் வகுத்தது, கால் பங்கு மிச்சம். கழித்தல் இல்லை.

என் துறையில் ஆளைக் கவிழ்ப்பது "ஒன் டு டென்". ஒரு கரைசலை 1:10 நீர்க்கச் செய் என்று குறிப்பில் இருக்கிறது. சிலர் ஒரு பங்கு கரைசலோடு பத்துப் பங்கு நீர் சேர்ப்பார்கள், மொத்தம் 11. சிலர் ஒன்பது பங்கு நீர் சேர்த்து மொத்தத்தைப் பத்தாக்குவார்கள். இரண்டு பேருமே விதிப்படி செய்ததாகத்தான் சொல்வார்கள். வித்தியாசம் பத்து சதவீதத்துக்கு அருகில். இதையே ஐந்து முறை அடுத்தடுத்துச் செய்கிற சோதனையில் ஒருவருடையது மற்றவருடையதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே போய் நிற்கும். (வெண்தாள், உங்கள் ஒன்றரை!) அதனால் இப்போது "ஒரு மில்லியில் ஒன்பது மில்லி சேர்" என்றுதான் எழுதுகிறேன். விகிதமே எழுதுவதில்லை.

#11 வெண்தாள்

அக்கா, இதற்குத் தமிழில் ஒரு சுலபமான வழி இருக்கிறதே. "இன்" என்றால் -இல், "டு" என்றால் -க்கு. பத்தில் ஒன்று என்றால் மொத்தம் பத்து. பத்துக்கு ஒன்று என்றால் பத்தும் வேறு, ஒன்றும் வேறு, மொத்தம் பதினொன்று. வேற்றுமை உருபை வைத்தே பிரித்துவிடலாம் இல்லையா?

#12 ஆகக்கடைசி

அழகாக இருக்கிறது, ஆனால் நிற்காது. நூற்றுக்கு எண்பது மதிப்பெண் வாங்கினேன் என்கிறோம். மொத்தம் 180-ஆ? நூற்றுக்கு நூறு என்கிறோம். நம் "-க்கு" இரண்டு வேலையும் செய்கிறது. சதவீதத்துக்கே "-க்கு" போட்டுப் பழகியவர்கள் நாம்.

நான் சந்தேகப்படுவது, ஆங்கில "டு"-வில் நாம் வழுக்குவதற்கே இதுதான் காரணம் என்று. "த்ரீ டு ஒன்" என்று படித்தவுடன் மனசு மூன்றுக்கு ஒன்று என்று பெயர்த்து, மூன்றில் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அது நான்கில் ஒன்று.

#13 கணக்குப்பிள்ளை

ஆமாம், ஆட்ஸ் கணக்கு. "த்ரீ டு ஒன் அகெய்ன்ஸ்ட்" என்றால் தோற்க மூன்று வாய்ப்பு, ஜெயிக்க ஒன்று. ஜெயிக்கும் நிகழ்தகவு நான்கில் ஒன்று, 25 சதவீதம். "ஈவன் ஆட்ஸ்" என்றால் ஒன்றுக்கு ஒன்று, 50 சதவீதம். நிகழ்தகவையும் ஆட்ஸையும் ஒன்றென்று நினைத்தால் 33 என்று எழுதிவிடுவோம்.

இதில் ஒரு வேடிக்கை. பந்தயத்தில் "டென் டு ஒன்" என்று மட்டும் சொன்னால் ஜெயிப்பது அரிது என்று பொருள். பேச்சில் "டென் டு ஒன் அவர் மறந்திருப்பார்" என்றால் மறந்திருப்பது அநேகமாக உறுதி என்று பொருள்! சொற்கள் அதே, திசை மட்டும் தலைகீழ். அறிக்கை எழுதுகிறவர்கள் இரண்டையும் தொடாமல் "ஒன் இன் லெவன்" என்று போட்டுவிட்டால் வம்பில்லை.

#14 இரவுப்பறவை

எனக்குத் தலை சுற்றுகிறது. பத்தில் ஒன்பது முறை. அல்லது பத்துக்கு ஒன்பது முறை.

#15 ஆய்வகவாசி

தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், இன்னும் முக்கியமானது பாக்கி இருக்கிறது.

பர்சென்ட், பர்சென்டேஜ் பாயின்ட். ஒரு வட்டி விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதம் ஆனால், கூடியது 2 பர்சென்டேஜ் பாயின்ட். பர்சென்ட் கணக்கில் அது 50 பர்சென்ட் கூடுதல். இரண்டும் உண்மை. "கூடியது 2 பர்சென்ட்" என்பது மட்டும் பொய். அப்படியென்றால் 4 என்பது 4.08 ஆகியிருக்க வேண்டும். நிதித்துறையில் இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் பேசிஸ் பாயின்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஒரு பர்சென்டேஜ் பாயின்டில் நூறில் ஒன்று. தமிழில் "சதவீதப் புள்ளி" என்று எழுதத் தயங்க வேண்டாம். இரண்டு முறை கண்ணில் பட்டால் பழகிவிடும்.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் சிலவற்றால் இரத்தக்கட்டி அபாயம் இரண்டு மடங்காகிறது என்று. நூறு சதவீதம் கூடுதல் என்றே செய்தி பரவியது. அடியில் இருந்த எண்கள் என்ன தெரியுமா? 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது, 7,000 பேரில் இருவருக்கு என்றானது. பயத்தில் பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் 13,000 அளவுக்குக் கூடியதாக மதிப்பிட்டார்கள். கர்ப்பத்தால் வரும் இரத்தக்கட்டி அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் இதில் கொடுமை.

"இரண்டு மடங்கு" என்பதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. எதன் இரண்டு மடங்கு என்பது மட்டும் வாசகர் கைக்குப் போகவில்லை.

#16 ஆகக்கடைசி

அக்கா சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனித்தீர்களா? இரண்டுக்கும் ஒரே கீழெண் வைத்தார், 7,000-இல் ஒன்று, 7,000-இல் இரண்டு. அதையே "7,000-இல் ஒன்றிலிருந்து 3,500-இல் ஒன்று" என்று எழுதினாலும் கணக்கு சரிதான். ஆனால் எண் பாதியானதால் அபாயம் குறைந்தது என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் "ஒன் இன்" என்று தொடங்கும் புள்ளிவிவரங்களை ஒப்பிடும்போது கீழெண்ணைச் சமப்படுத்திவிட்டுத்தான் பெயர்க்கிறேன்.

#17 புதுமுகம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். "ஆர்டர் ஆஃப் மாக்னிட்யூட்" என்று அடிக்கடி பார்க்கிறேன். ரொம்பப் பெரியது என்றுதானே பொருள்?

#18 கணக்குப்பிள்ளை

தாராளமாக நுழையுங்கள். ரொம்பப் பெரியது இல்லை, சுமார் பத்து மடங்கு. இரண்டு ஆர்டர் என்றால் சுமார் நூறு, மூன்று என்றால் ஆயிரம். 40-க்கும் 60-க்கும் இடையில் அதைப் போட்டால் சிரிப்பார்கள்.

"மாக்னிட்யூட்" மட்டும் தனியாக வந்தால் உஷார். விண்மீன் ஒளி அளவில் ஐந்து மாக்னிட்யூட் வித்தியாசம் சரியாக நூறு மடங்கு, அதாவது ஒன்றுக்குச் சுமார் 2.5 மடங்கு. 1856-இல் பாக்சன் என்ற வானியலாளர் வகுத்த கணக்கு அது. எண் குறையக் குறைய ஒளி கூடும் என்பது கூடுதல் கொசுக்கடி. நிலநடுக்கத்தில் ஒரு மாக்னிட்யூட் கூடினால் அலையின் வீச்சு பத்து மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. ஆக 6-ஐவிட 7 "கொஞ்சம் பெரிது" என்று எழுதக் கூடாது, "பத்து மடங்கு ஆற்றல்" என்றும் எழுதக் கூடாது.

#19 ஆய்வகவாசி

"பார்ட்ஸ் பர் பில்லியன்", அதாவது ஒரு பில்லியனில் எத்தனை பங்கு என்பது பற்றி ஒரு வரி. பிரிட்டனில் பில்லியன் என்றால் முன்பு லட்சம் கோடி. 1974-இல்தான் அரசு நூறு கோடிக்கு மாறியது. பழைய ஆவணங்களில் பார்த்து எடுங்கள். எடையில் பங்கா, கன அளவில் பங்கா என்றும் கேளுங்கள். காற்றில் சொல்லும்போது வழக்கமாகக் கன அளவு, தண்ணீரில் எடை.

#20 இரவுப்பறவை

எண்ணே இல்லாத தொடர்கள் என் பேட்டை, எனக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

"லயன்ஸ் ஷேர்": ஈசாப் கதையில் சிங்கம் எல்லாப் பங்கையும் எடுத்துக்கொள்கிறது. இன்றைக்குப் பெரும்பங்கு என்றுதான் பொருள். "சிங்கப்பங்கு" என்று பெயர்க்காதீர்கள், பெரும்பங்கு என்ற சொல் சும்மாதானே இருக்கிறது.

"தி பெட்டர் பார்ட் ஆஃப் அன் அவர்": அந்த மணி நேரத்தின் நல்ல பகுதி இல்லை, பாதிக்கும் மேல். பல் மருத்துவரிடம் காத்திருந்த நேரத்துக்கும் "பெட்டர்"-தான்.

"டெசிமேட்": ரோமானியப் படையில் தண்டனையாகப் பத்தில் ஒருவரைச் சீட்டுப் போட்டுக் கொன்றதிலிருந்து வந்தது. இப்போது பெருமளவு அழித்தல். பத்தில் ஒன்று என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் "டெசிமேட்டட் பை 50 பர்சென்ட்" என்று எண் சேர்த்து எழுதினால் இரண்டு கட்சியும் சேர்ந்து அடிக்கும்.

"எ ஃபிராக்ஷன் ஆஃப்": கணக்கில் 99/100-உம் பின்னம்தான். வழக்கில் மிகச் சிறு பங்கு.

#21 பிழைதிருத்தி

பேட்டைக்காரர் நன்றாகவே சொல்லிவிட்டார். "மெஜாரிட்டி" மட்டும் விடுபட்டது. மூன்று பேர் 40, 35, 25 என்று வாக்கு வாங்கினால் முதலாமவருக்குக் கிடைத்தது அமெரிக்க வழக்கில் "ப்ளூராலிட்டி", மெஜாரிட்டி இல்லை. அதற்குப் பாதிக்கு மேல் வேண்டும். இன்னொன்று, தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் "இஸ்", ஆட்களில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் "ஆர்". பின்னத்தைப் பார்க்காதீர்கள், "ஆஃப்"-க்குப் பின்னால் வருவதைப் பாருங்கள்.

வெண்தாள், உங்கள் குறிப்பு என்ன ஆயிற்று? அதைச் சொல்லாமலே இழை இருபதைத் தாண்டிவிட்டது.

#22 வெண்தாள்

எல்லோருக்கும் நன்றி. பிழைதிருத்தி சார் சொன்ன ஒன்றரை மடங்கையும் போடவில்லை, மடங்கே வேண்டாம் என்று முடிவு செய்தேன். "பழையது நிமிடத்துக்கு 40 பக்கம், புதியது 60 பக்கம்." அவ்வளவுதான். இதில் யார் என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும் என்று நேற்று மாலை அனுப்பினேன்.

இன்று காலை பதில் வந்தது: "நல்லது. ஆனால் வெறும் 20 பர்சென்ட் வேகத்துக்காகப் புது இயந்திரமா?"

#23 ஆய்வகவாசி

#15-ஐ அச்செடுத்து அவர் மேசையில் வைத்துவிடுங்கள்.